ஏழாம் நம்பர் பலகை

ஏழாம் நம்பர் பலகையை உடைத்தது நான்தான். இந்தக் கதையில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் இது ஒன்றுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கான்கிரீட் பலகை வார்க்கும் யார்டில் பத்தொன்பது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இரண்டு இரும்புக் கரங்களை நீட்டி, கனமான ஒன்றைத் தூக்கி, ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது என் வேலை. வாயை மூடிக்கொண்டு செய்தால் சுலபமான வேலை. என் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று புரிந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, வண்டியருகே வந்து நின்றான். வார்ப்புக் குழுவுக்கு அவன்தான் மேஸ்திரி. அச்சில் கலவையை ஊற்றுவதும், எப்படி ஊற்றினோம் என்பதைத் தாளில் எழுதுவதும் அவன் பொறுப்பு.

"மாமா, அந்த ஏழாம் நம்பரை மட்டும் அடுக்குலேருந்து எடுத்து ஓரமா வச்சிடுங்க" என்றான்.

"ஏன் மாப்ள, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"சும்மாதான். இடம் வேணும்."

எடுத்தேன். முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் திரும்பும்போது வெல்டர் குரல் கொடுத்தார். "அண்ணே, பாத்து. உங்க தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல காத்துகூடப் போகாது போலிருக்கு."

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் பத்தொன்பது வருடத்துப் பெயர் என்னாவது? தலையைத் திருப்பினேன். பதில் நன்றாகத்தான் வந்தது. என்ன பதில் என்று கேட்காதீர்கள், எனக்கே ஞாபகம் இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பலகை கரங்களிலிருந்து வழுக்கி, கீழே கிடந்த மரக்கட்டைமேல் விழுந்து, 'டக்' என்று இரண்டாகப் போய்விட்டது.

யார்டில் அப்போது பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இவ்வளவு மோசமான வரவேற்பு அதுவரை கிடைத்ததில்லை.

கீழே போட்டால் உடையத்தானே செய்யும் என்று நீங்கள் நினைக்கலாம். இது உடையக் கூடாது. இது சாதாரணக் கான்கிரீட் இல்லை. மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், கனமோ மூன்று விரல்தான். உள்ளே கம்பி கிடையாது, ஜல்லி கிடையாது. மாவுபோன்ற மணல், சிமெண்டு, இன்னும் சில பொடிகள், அதோடு எஃகு இழை. நாங்கள் ஃபைபர் என்போம். அரை அங்குல நீளத்தில், தலைமுடியைவிடச் சற்றே தடித்து, மேலே பித்தளைப் பூச்சோடு இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளினால் நகைக்கடைக் குப்பையை அள்ளியதுபோல மின்னும். ஒரு பலகைக்குள் லட்சக்கணக்கில் கிடக்கும். கான்கிரீட்டில் விரிசல் விழுந்தால் அதன் குறுக்கே ஆயிரம் இழை நின்று இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலகை முனகும், வளையும், ஆனால் பிரியாது. "சண்டை போட்டாலும் விவாகரத்து வரைக்கும் போகாத குடும்பம்" என்பாள் எங்கள் லேப் அக்கா.

போன வருடம் லாரியிலிருந்தே ஒரு பலகை விழுந்தது. முடியளவு விரிசல் மட்டும். அதைக் குப்பையில் போடுவதற்கு இரண்டு பேர் அரை நாள் சம்மட்டி அடித்தார்கள். உடைந்த வாயில் ஃபைபர் நுனிகள் மூன்று நாள் தாடிபோல நீட்டிக்கொண்டிருந்தன. என் ஏழாம் நம்பரோ முழங்கால் உயரத்திலிருந்து விழுந்து, வாய் சுத்தமாக இருந்தது. குனிந்து தடவினேன். கல்யாண மாப்பிள்ளை கன்னம். ஒரு நுனிகூடக் குத்தவில்லை.

அங்கேதான் சந்தேகப் பேய் என் தோளில் ஏறி உட்கார்ந்தது.

மைத்துனன் ஓடி வந்தான். நான் தடவுவதைப் பார்த்தான். அடிபட்டதா என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் "தார்ப்பாயை எடுத்துட்டு வாங்கடா" என்று ஆட்களிடம் சொன்னான். இரண்டு நிமிஷத்தில் உடைந்த பலகை, பிணத்தை மூடுவதுபோல மூடப்பட்டது.

"மாப்ள, இதுல ஃபைபரே இல்லையே" என்றேன்.

"கண்ணாடிய மாத்துங்க மாமா. எத்தனை தடவை அக்கா சொல்லிட்டா."

"கண்ணு தப்பு பண்ணும். கை தப்பு பண்ணுமா? தடவிப் பாத்தேன்."

"கையால தூக்கினதுதானே இப்படிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நல்ல பதில்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

மேலே மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன். அவருக்கு யார்டில் 'பார்க்கலாம்' என்று பெயர். சம்பள உயர்வா, விடுமுறையா, தீப்பிடித்துவிட்டதா, எதற்கும் ஒரே பதில்.

"சார், அந்தப் பலகைல ஏதோ கோளாறு இருக்கு. இல்லன்னா இப்படி உடையாது."

"கீழ போட்டது நீ."

"போட்டது நான்தான் சார். ஆனா உடைஞ்சது அது."

அவர் என் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். ஒன்று, கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து மூடிய கதவுக்குள் வண்டியை விட்டதற்கு. இன்னொன்று அதே கதவைப் புதிதாகப் போட்ட மறுவாரம். மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மத்த பலகைகளை ஒரு தடவை பாத்துட்டு அனுப்பலாமே சார்."

"பாக்கலாம்."

"மூணாவது கடிதம்?"

"அதையும் பாக்கலாம்."

இப்போது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பலகைகள் வார்த்திருந்தோம். ஆஸ்பத்திரியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மூன்றாவது மாடியில் ஒரு நடைபாலம் வருகிறது. இரும்புச் சட்டம் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. அதன்மேல் பத்துப் பலகைகள் போட வேண்டும். இரண்டு உபரி. லாரி வியாழக்கிழமை வருகிறது. அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் என் மனைவி வேலை செய்கிறாள். ஈரப் போர்வைகள் நிரம்பிய தள்ளுவண்டியைக் கீழே இறக்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, எதிர்க் கட்டடத்தில் ஏற்றுகிறாள். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை. அந்தப் பாலத்துக்காக அவள் காத்திருப்பதுபோல எனக்காக என்றைக்கும் காத்திருந்ததில்லை.

அன்று சாயங்காலமும் கேட்டாள். "வெள்ளிக்கிழமை பலகை போட்டுடுவாங்களா?"

"போட்டுடுவாங்க."

"உங்க வாயி ஏன் ஒரு மாதிரி போகுது?"

"பல்வலி."

மூன்று விரல் கனம். மூன்று மாடி உயரம். அவளும் தள்ளுவண்டியும் ஈரப் போர்வைகளும். நான் ரொட்டியை மென்றுகொண்டே கூட்டல் போட்டேன், விடை பிடிக்கவில்லை.

என் கணக்கு இப்படி ஓடியது. மின்னுகிற எதையும் மனிதன் சும்மா விட்டதில்லை. யாரோ ஃபைபரைக் கடத்துகிறார்கள். கலவையில் பாதியைப் போட்டுவிட்டு மீதியை விற்கிறார்கள். ஃபைபர் மூட்டையை அவிழ்ப்பது யார்? மைத்துனன். ஏழாம் நம்பரை மட்டும் ஓரமாக வைக்கச் சொன்னது யார்? மைத்துனன். தார்ப்பாய் கேட்டது யார்? இந்த வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டது யார் என்ற கேள்வியை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு விடை நான்.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த வாழைப்பழ வடிவக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எஃகு இருந்தால் காந்தம் ஒட்டும், இல்லாவிட்டால் விழும். விஞ்ஞானம் என்றால் இவ்வளவுதானே.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அடுக்கின் பக்கம் போய் ஒவ்வொரு பலகையிலும் வாழைப்பழத்தை வைத்தேன். ஒட்டியது. ஓரத்தில் வைத்தேன், நடுவில் வைத்தேன், ஒட்டியது. தார்ப்பாயைத் தூக்கி ஏழாம் நம்பரின் உடைந்த வாயிலேயே வைத்தேன். அங்கேயும் பிசின்போல ஒட்டியது. கிடங்கின் பின்னால் போய்க் காலி ஃபைபர் மூட்டைகளை எண்ணினேன். ஒரு பலகைக்கு ஒன்றேகால் மூட்டை வீதம் பதினைந்து இருக்க வேண்டும். பதினைந்து இருந்தது.

ஒருவனைத் திருடன் என்று ஒரு ராத்திரி முழுக்க நம்பிவிட்டு, காலையில் அவன் திருடவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் எவ்வளவு நல்லவன் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

"அண்ணே, வாழைப்பழத்துல என்ன பண்றீங்க?"

லேப் அக்கா பின்னால் நின்றிருந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். ஆனாலும் யார்டு முழுக்க அவள் அக்காதான், எனக்கும் அக்காதான். பலகைகளை அழுத்திப் பார்ப்பதும் உடைத்துப் பார்ப்பதும் அவள் வேலை. மனிதர்களையும் அப்படியே செய்வாள். மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டுக் கதையைத் தவிர.

அவள் உடைந்த வாயருகே உட்கார்ந்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையில் கொடுத்தாள்.

"பாருங்க. ஃபைபர் இருக்கா?"

பார்த்தேன். இருந்தது. ஏராளமாக இருந்தது. ஆனால் ஒன்றுகூட எழுந்து நிற்கவில்லை. உடைந்த முகத்தோடு முகமாக, பாயில் படுத்ததுபோல எல்லாம் படுத்துக் கிடந்தன.

"இருக்கு. படுத்திருக்கு" என்றேன்.

"ஆமா. குறுக்கே நிக்கலன்னா அது இருந்தும் பிரயோஜனம் இல்ல. இது ரெண்டு பக்கத்துலேருந்தும் ஊத்தின பலகைண்ணே."

பிறகு விளக்கினாள். கலவை தேன்போல ஓடும். ஒரே முனையில் ஊற்றினால் அது தானாகவே மறு முனைவரை போகும், ஆற்றில் மரக்கட்டைகள் போவதுபோல ஃபைபரெல்லாம் நீளவாட்டில் திரும்பிக்கொண்டே போகும். அதுதான் பலம். இரண்டு முனையிலும் ஊற்றினால் நடுவில் இரண்டு கலவையும் முட்டிக்கொள்ளும். முட்டுகிற இடத்தில் ஃபைபரெல்லாம் சுவரோரம் சாய்வதுபோல சாய்ந்துவிடும். இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம் போகாது.

"சம்பந்தி சண்டை மாதிரி" என்றேன்.

"அதேதான். ஒரே பந்தல்ல இருப்பாங்க, கையக் குடுக்க மாட்டாங்க."

"அப்போ மத்ததுலயும் இப்படி இருக்குமா?"

"வெளியிலேருந்து பாத்தா தெரியாது. மேல் பூச்சு ஒரே மாதிரிதான் இருக்கும், உங்க வாழைப்பழமும் ஒட்டும். உடைச்சாத்தான் தெரியும். உடைச்சுட்டா அப்புறம் எதுக்கு ஆகும்?"

"உங்க மெஷின்ல வச்சு அழுத்திப் பாத்தீங்களே?"

"நான் அழுத்தினது தனியா வார்த்த சின்னக் கட்டிய. அது எல்லாமே பாஸ்." வார்ப்புத் தாள்கள் செருகிய அட்டையைப் புரட்டினாள். பன்னிரண்டு பலகைக்கும் 'ஒரு முனை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் அடித்ததுபோல. "எழுதினது உங்க மச்சினன். கலவை வாளிய அச்சுக்குக் கொண்டு போறது நீங்கதானே. நீங்க என்ன பாத்தீங்க?"

"நான் எப்பவும் ஒரே முனைலதான் நிறுத்துவேன். அதுல என்னைக் குத்தம் சொல்ல முடியாது" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே சொன்னேன்.

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

அவள் பூதக்கண்ணாடியை வாங்கி மூடினாள். "அப்போ ஊத்தினவன்தான் சொல்லணும். இந்த வெறும் சந்தேகத்த வச்சு நான் லாரிய நிறுத்த முடியாதுண்ணே. நீங்க கீழ போட்டு உடைச்சதாத்தான் மேல எழுதியிருக்காங்க. நீங்க சொன்னா, மூணாவது கடிதத்துக்குப் பயந்து கான்கிரீட் மேல பழி போடுறாருன்னு சொல்வாங்க."

"யாரு சொல்வாங்க?"

"நானே நேத்து சொன்னேன்."

அன்று முழுவதும் மைத்துனனைத் துரத்தினேன். நான் அச்சருகே போனால் அவன் கலவை இயந்திரத்தருகே இருப்பான். அங்கே போனால் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருப்பான். பிடித்தபோது "மாமா, டீ சாப்டீங்களா?" என்று கேட்டான். எட்டு வருடத்தில் அவன் என்னைக் கேட்ட முதல் டீ அது. "பிஸ்கட் எடுத்துட்டு வரட்டுமா?" என்றும் கேட்டான். திட்டுகிற மைத்துனனை நம்பலாம். பிஸ்கட் கொண்டுவருகிற மைத்துனன் எதையோ புதைத்துவிட்டு வருகிறான் என்று அர்த்தம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கையில் ஸ்பானரோடு எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். ஏழு மாதமாக ஒழுகுகிற குழாயைக் கழற்றிப் போட்டிருந்தான். என் மனைவி அவன் பக்கத்தில் தட்டோடு நின்று, அவன் வாயில் பழத்துண்டு வைக்காத குறையாக உபசரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, கூடப் பிறந்தவன்னா இப்படி இருக்கணும்" என்றாள். "நானும் ஒரு ஆளு கிட்ட ஏழு மாசமா சொல்லிட்டு இருக்கேன். அப்புறம், ஃப்ரிட்ஜ்ல இருந்த காந்தம் எங்க? பொண்ணோட பரீட்சை அட்டவணை அடியில போயிடுச்சு."

"தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையைக் கையால் மூடினேன். பிறகு தரையில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, ஒரு கேள்வி."

"வாஷர் தேஞ்சு போச்சு மாமா."

"நான் குழாயக் கேக்கல. ஏழாம் நம்பரை ஏன் ஓரமா வைக்கச் சொன்னே?"

"அந்த நட்டைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். "எத்தனை பக்கத்துலேருந்து ஊத்தினே?"

ஸ்பானர் நழுவி அவன் கைமுட்டியைப் பதம் பார்த்தது. அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான். பேசாமல் இருப்பதற்கு நல்ல வழி.

"வந்த பிள்ளைய ஏங்க போலீஸ்காரர் மாதிரி நோண்டுறீங்க?" என்றாள் மனைவி. "அவனே பாவம், நீங்க போட்டு உடைச்சதுக்கு அங்க எல்லாருக்கும் பதில் சொல்லிட்டு வரான். டேய் தம்பி, நீ சொல்லு. வெள்ளிக்கிழமை பலகை போட்டுட்டா நான் வண்டிய நேரா தள்ளிட்டுப் போயிடலாமா?"

அவன் என்னைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். "அதையெல்லாம் நாங்க பாத்துக்குறோம்க்கா" என்றான்.

அந்த 'நாங்க'வில் அவன் என்னையும் சேர்த்துக்கொண்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. படுக்கையில் கிடந்து அதன் சத்தத்தைத் தேடினேன். வீட்டில் அதுவரை நேராகப் பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்தது. ஏற்றச் சொல்லி மேலிருந்து உத்தரவு. 'பார்க்கலாம்' ஜன்னல் வழியாகக் கையை மட்டும் அசைத்தார். அடுக்கில் இருப்பதைக் கணக்குப் பார்த்தேன். பத்துதான் இருந்தது. பன்னிரண்டில் ஒன்று உடைந்தால் பதினொன்று. இன்னொன்று எங்கே?

அச்சுக் கொட்டகையின் பின்பக்கம் கண்டுபிடித்தேன். பதினொன்றாம் நம்பர். கட்டைகள்மேல் கிடத்தி, மேலே சாக்கு போட்டு மூடி, போதாததற்கு முன்னால் ஒரு பழைய அச்சுத் தகட்டையும் சாய்த்து வைத்திருந்தது. முந்நூற்றெழுபது கிலோ. ஆறு பேர் கைவண்டியில் வைத்துத் தள்ளியிருக்க வேண்டும். இந்த யார்டில் என்னைக் கூப்பிடாமல் ஒரு பலகை அதுவரை நகர்ந்ததில்லை.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். பன்னிரண்டில் ஒழுங்காக வார்த்தது இது ஒன்றுதான். நாளைக்குப் பரிசோதனை என்று யாராவது வந்து உடைத்துப் பார்க்கக் கேட்டால் காட்டுவதற்காக இதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். மற்ற பத்தும் என் மனைவி காலுக்கடியில் போகப்போகிறது. ஆகட்டும் மாப்ள, நீ ஒன்று நினைத்தால் உன் மாமன் ஒன்று நினைப்பான்.

அடுக்கிலிருந்து ஒன்பதை ஏற்றினேன். பத்தாவதாகக் கொட்டகைப் பின்னாலிருந்து பதினொன்றாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் வெல்டர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். திரும்பவில்லை. முட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பாலத்தில் ஒரு பலகையாவது ஒழுங்காக இருக்கட்டும், அவள் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாளோ அது இதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மிச்சத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நாலாம் நம்பர் அடுக்கில் தனியாகக் கிடந்தது.

ஓட்டுநர் கயிறு கட்ட ஆரம்பித்தபோது மைத்துனன் கலவை இயந்திரத்துப் பக்கமிருந்து வந்தான். லாரியைப் பார்த்தான். மேலே இருந்த பலகையின் ஓரத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். நடந்து வந்தவன் ஓடி வந்தான்.

"மாமா, அந்த மேல் பலகைய இறக்குங்க."

"ஏன்?"

"சும்மாதான். நாலாம் நம்பரை ஏத்துங்க."

"செவ்வாய்க்கிழமையும் சும்மான்னுதான் சொன்னே. சும்மா ரெண்டா உடைஞ்சுது."

"மாமா, ஆளுங்க பாக்குறாங்க. சொன்னாக் கேளுங்க."

"நீ சொல்லு, நான் கேக்குறேன். அதுக்குத்தான் மூணு நாளா உன் பின்னாடியே அலையுறேன்."

லாரி ஓட்டுநர் இஞ்சினைக் கிளப்பினார். நான் ஃபோர்க்லிஃப்டை அதன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தி அணைத்தேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "என்னங்க, குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கக் கூடாதா?" என்றார். மேலே ஜன்னலில் 'பார்க்கலாம்' வந்து நின்றார். பார்த்தார். இறங்கி வரவில்லை. லேப் அக்கா மட்டும் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மைத்துனன் என் வண்டிப்படியில் ஒரு காலை வைத்து நெருங்கி நின்றான். கைமுட்டியில் துணி சுற்றியிருந்தது. அவன் முகத்தில் நான் மூன்று நாளாகத் தேடிய திருட்டு முழி இல்லை. தூங்காத முகம். எனக்கும் அதே முகம்தான் என்பதால் அடையாளம் தெரிந்தது.

"மாப்ள" என்றேன். "நான் கோணல் மாணலா நிறையக் கேட்டுட்டேன். உன்னைத் திருடன்னுகூட நினைச்சேன், மன்னிச்சுக்கோ. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதுமேல உங்கக்கா ஒரு நாளைக்குப் பதினாறு தடவை வண்டியத் தள்ளிட்டுப் போகப் போறா. எது தாங்கும், எது தாங்காது?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலை இறக்கினான்.

"ஏழும் பதினொண்ணும் தாங்காது. அது ரெண்டும் ரெண்டு பக்கமா ஊத்தினது. ஓரமா ஒதுக்கி, உபரின்னு சொல்லிட்டு அப்படியே உடைச்சுடலாம்னு இருந்தேன். நீங்க அதையே தேடிப் பிடிச்சு ஏத்தியிருக்கீங்க."

"ஏன் அப்படி ஊத்தினே?"

"வேண்டாம் மாமா."

"சொல்லு."

"நீங்கதான் காரணம். வாளில கலவைய ரொப்பினதும் வண்டிய அங்கேயே நிறுத்திட்டு டீக்குப் போயிட்டீங்க. சாவியும் உங்க பாக்கெட்ல போயிடுச்சு. அந்த ரெண்டையும் வார்த்த ரெண்டு நாளும் அதேதான். ஆள் அனுப்பினேன். நீங்க ஏதோ கதை சொல்லிட்டு இருந்தீங்களாம், சுத்தி நின்னு எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்களாம். 'இதோ வந்துட்டேன்'னு சொல்லி அனுப்பினீங்க. வெயில்ல கலவைமேல தோல் கட்ட ஆரம்பிச்சுடுச்சு. அச்சை விட்டுட முடியுமா? சின்ன வாளில மொண்டு மொண்டு பாதிப் பேரு இந்தப் பக்கம், பாதிப் பேரு அந்தப் பக்கம்னு ஊத்தி முடிச்சோம். தாள்ல அதை எழுதினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா உங்களுக்கு மூணாவது கடிதம்."

அந்த இரண்டு நாளும் எனக்கு ஞாபகம் வந்தன. நான் திரும்பி வரும்போது அச்சு நிரம்பியிருந்தது. நல்ல பிள்ளைகள், எனக்கு வேலை வைக்காமல் முடித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஒருவன் முதுகில்கூடத் தட்டிக் கொடுத்தேன். என்ன கதை சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. அப்படியொன்றும் பெரிய கதை இல்லை.

பாக்கெட்டில் கைவிட்டேன். சாவி இருந்தது. இப்போதும் வண்டியை அணைத்ததும் எடுத்துப் போட்டிருக்கிறேன். வண்டியைக் கிளப்பிக் கரங்களை உயர்த்தி, பதினொன்றாம் நம்பரை லாரியிலிருந்து மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தேன். லேப் அக்கா நெருங்கி வந்து நின்றாள். இனி இதை அவளிடம் நானே சொல்ல வேண்டும், மேலே போய் ஜன்னல்காரரிடமும் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் ஒன்று மீதி இருந்தது.

"மாப்ள, மத்த பத்தும்?"

"ஒரே பக்கம் மாமா. பத்தும் நான் பக்கத்துலயே நின்னு, கடைசிச் சொட்டு வரைக்கும் பாத்து ஊத்தினது. அக்கா தாராளமா நடக்கலாம்."